நவ்ராத்திலொவா: ஒரு செக் பெயருக்குள் இருக்கும் இரண்டு கதைகள்

விம்பிள்டன் ஒற்றையர் பட்டத்தை 9 முறை வென்ற மார்ட்டினாவின் குடும்பப் பெயர் நம் நாளிதழ்களில் 'நவரத்திலோவா' என்றே பழகிப்போயிருக்கிறது. செக் நாட்டில் அதைச் சொல்லும் விதம் கொஞ்சம் வேறு. அழுத்தம் முதல் அசையில் விழும், ஒகரம் குறில், கடைசி ஆகாரம் நெடில். நவ்ராத்திலொவா. 'லோ'வை அழுத்தி நீட்டுவது ஆங்கில வர்ணனையாளர்கள் பரப்பிய உச்சரிப்பு. ஒகரக் குறிலுக்கும் நெடிலுக்கும் தனித்தனி எழுத்து வைத்திருக்கும் தமிழில் செக் ஒலியை ஏறக்குறைய அப்படியே எழுதிவிட முடிகிறது. இந்தக் கட்டுரை முழுக்க அப்படியே எழுதுகிறேன்.

'நவ்ராத்தில்' என்பது ஒரு வினைமுற்று. 'திரும்பினான்' என்று பொருள். 'ஒவா' என்பது அந்தப் பெயரைத் தாங்குபவர் பெண் என்று காட்டும் விகுதி. முன்பாதி, பெயர் தெரியாத ஒரு மூதாதை செய்த காரியத்தைச் சொல்கிறது. பின்பாதி, அந்தப் பெண் எந்த வீட்டைச் சேர்ந்தவர் என்று சொல்கிறது. இந்த விகுதியைப் பெண்கள் வைத்துக்கொள்ள வேண்டுமா, விடலாமா என்று செக் நாட்டில் பல ஆண்டுகளாக நடக்கும் விவாதம் எல்லாம் பின்பாதியைப் பற்றித்தான். முன்பாதியையும் சேர்த்துப் பார்த்தால்தான் சிக்கல் எங்கே இருக்கிறது என்று தெரியும் என்பது என் கருத்து.

மார்ட்டினா பிறக்கும்போது இந்தப் பெயரோடு பிறக்கவில்லை. 1956 அக்டோபர் 18 அன்று ப்ராக் நகரில் பிறந்தபோது அவர் மார்ட்டினா ஷூபெர்தொவா. பெற்றோர் மணவிலக்குப் பெற்ற பிறகு, தாய் 1962இல் மிரொஸ்லவ் நவ்ராத்திலை மணந்தார். மார்ட்டினாவுக்கு முதன்முதலில் டென்னிஸ் கற்றுக்கொடுத்தவர் அந்த மாற்றாந்தந்தைதான். அவர் பெயரோடு பெண்பால் விகுதி சேர்ந்து நவ்ராத்திலொவா ஆனது. பழைய பெயரும் கவனிக்க வேண்டிய ஒன்று. ஷூபெர்ட் என்பது செருப்புத் தைப்பவரைக் குறித்த பழைய ஜெர்மன் தொழிற்பெயர். ஜெர்மன் பேசுவோரும் செக் பேசுவோரும் பல நூற்றாண்டுகள் கலந்து வாழ்ந்த மண் அது. ஜெர்மன் வேர்ச்சொல்லில் செக் விகுதி ஒட்டிய பெயர்களுக்கு அங்கே கணக்கே இல்லை.

வினைமுற்றே குடும்பப் பெயராக நின்றுவிடுவது செக் பெயர்களின் தனி அடையாளம். நாட்டின் கிழக்குப் பகுதியான மொராவியாவில், குறிப்பாக ஒலொமோட்ஸ் நகரைச் சுற்றியுள்ள ஹனா சமவெளியில் இது அதிகம். பொஸ்பீஷில் என்றால் 'அவசரப்பட்டான்'. தொஹ்னல் என்றால் 'துரத்திப் பிடித்தான்'. விஸ்கொச்சில் என்றால் 'துள்ளி எழுந்தான்'. தொலெஜல் என்பது படுத்தே கிடந்தவனைச் சொல்லும் பெயர். ஸ்த்ரஜில் என்றால் 'விலையை ஏற்றினான்'. எந்த ஊர்ச் சந்தையில் யாருக்கு வந்த கோபமோ, அந்த வியாபாரியின் சந்ததி இன்னும் அதைச் சுமக்கிறது. எதிர்மறை வினைகளும் உண்டு. நெவர்ஷில் என்றால் 'சமைக்கவில்லை'. நெஸ்வல் என்றால் 'அழைக்கவில்லை'. 20ஆம் நூற்றாண்டின் பெரிய செக் கவிஞர்களில் ஒருவரான வீத்யெஸ்லவ் நெஸ்வல் 1900இல் மொராவியாவில்தான் பிறந்தார்.

முழு வாக்கியமே பெயரானதும் உண்டு. ஸ்தொயெஸ்பல் என்றால் 'நின்றபடியே தூங்கினான்'. ஒஸொல்ஸொபியெ என்றால் 'உனக்கு நீயே உப்புப் போட்டுக்கொள்'. ஸ்கொச்தொபொலெ என்றால் 'வயலுக்குள் குதி'. வீதாம்வாஸ் என்றால் 'உங்களை வரவேற்கிறேன்'. இப்படிப்பட்ட பெயர்களை யாரும் தனக்குத்தானே வைத்துக்கொள்வதில்லை. அண்டை வீட்டார் வைத்த பட்டப்பெயர்கள் இவை. ஒருவன் அடிக்கடி சொன்ன சொல், ஒருநாள் செய்த காரியம், ஊரே பார்த்துச் சிரித்த சம்பவம் ஒட்டிக்கொண்டு, பிள்ளைக்கும் பேரனுக்கும் இறங்கிவிட்டது.

நவ்ராத்தில் எங்கிருந்து திரும்பினான்? பெயரில் அதற்கு விடை இல்லை. போருக்குப் போய் உயிரோடு வந்தவனாக இருக்கலாம். தொழில் கற்க ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்த கைவினைஞனாக இருக்கலாம். பிரபுவின் நிலத்தோடு கட்டுண்டு கிடந்த பண்ணைக் குடியானவன், அனுமதியில்லாமல் ஓடிப்போய் மீண்டவனாகவும் இருக்கலாம். 1781இல் பேரரசர் இரண்டாம் யோசேப்பு அந்தக் கட்டைத் தளர்த்தும்வரை குடியானவர்கள் விருப்பம்போல் ஊர் மாற முடியாது. இலக்கணத்திலும் ஒரு நுட்பம் இருக்கிறது. செக் மொழியில் 'திரும்பி வந்தான்' என்று சொல்ல வினையோடு 'ஸெ' என்ற சிறு சொல் சேர வேண்டும். அது இல்லாத வெறும் நவ்ராத்தில், கண்டிப்பாகப் பார்த்தால், 'திருப்பிக் கொடுத்தான்' என்றாகும். பெயராக இறுகும்போது இந்த 'ஸெ' உதிர்ந்துவிடுவது உண்டு என்பதால், பெரும்பாலும் 'வந்தவன்' என்றே பொருள் கொள்கிறார்கள். வாங்கிய கடனை நாணயமாகத் திருப்பிக் கொடுத்த ஒருவனும் இந்தப் பெயருக்குள் இருக்கலாம் என்ற எண்ணத்தை என்னால் விட முடியவில்லை.

இனி, அதிகம் பேசப்படாத விஷயத்துக்கு வருவோம். செக் மொழியில் இறந்தகால வினை பால் காட்டும். அவன் திரும்பினால் நவ்ராத்தில். அவள் திரும்பினால் நவ்ராத்தில. தமிழில் 'திரும்பினான், திரும்பினாள்' என்பதைப் போலத்தான். அப்படியானால் பெண்ணின் பெயர் இயல்பாக 'நவ்ராத்தில' என்று ஆகியிருக்கலாம். ஆகவில்லை. பெயர் உறைந்த கணத்திலேயே வினையின் உயிர் போய்விட்டது. அது வீட்டுத் தலைவனைக் குறிக்கும் வெறும் அடையாளமாகிவிட்டது. மகளுக்கும் மனைவிக்கும் பெயர் வேண்டியபோது, அந்த ஆண்பால் வினையை மாற்றாமல் அதன்மேல் இன்னொரு விகுதியை ஏற்றினார்கள். ஆகவே நவ்ராத்திலொவா என்ற பெண்பெயருக்குள் 'திரும்பினாள்' இல்லை. 'திரும்பினான் என்பவனின் வீட்டுப் பெண்' இருக்கிறாள்.

'ஒவா' எங்கிருந்து வந்தது? உடைமையைக் காட்டும் பெயரடையிலிருந்து. செக் நாட்டில் மிகப் பரவலான குடும்பப் பெயர் நொவாக்; 'புதிதாக வந்தவன்' என்று பொருள். நொவாக்கின் தோட்டம் என்று சொல்ல வேண்டுமானால் தோட்டம் என்ற சொல்லுக்கு முன்னால் 'நொவாக்கொவ' என்று வரும், கடைசி உயிர் குறிலாக. அதே உயிரை நெடிலாக்கினால் நொவாக்கொவா: திருமதி நொவாக், அல்லது நொவாக்கின் மகள். ஒரு மாத்திரைதான் வித்தியாசம். 'நொவாக்குடையவள்' என்ற பொருள்தான் வரலாற்றில் முந்தியது. இன்றைய பேச்சில் அந்த உடைமைப் பொருள் யாருக்கும் தோன்றுவதில்லை, அது பெண்பாலை மட்டுமே காட்டுகிறது என்று மொழியியலாளர் பலர் வாதிடுகிறார்கள். அன்றாடப் பயன்பாட்டைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வது சரிதான். ஆனால் ஒரு மாத்திரைக்கு அப்பால் உடைமைச் சொல் இன்னும் உயிரோடு புழங்கிக்கொண்டிருக்கும்போது, அதன் சாயல் காதில் விழுகிறது என்று ஒரு பெண் சொன்னால், அதைக் கற்பனை என்று நான் தள்ளமாட்டேன்.

செக் மொழி மனைவிக்கும் மகளுக்கும் ஒரே விகுதியைத்தான் கொடுக்கிறது. பக்கத்தில் இருக்கும் போலிஷ் மொழியில் முன்பு மணமானவளுக்கு 'ஒவா' என்றும் மணமாகாத மகளுக்கு 'உவ்னா' என்றும் தனித்தனி விகுதிகள் இருந்தன. 20ஆம் நூற்றாண்டில் அவை மங்கிவிட்டன. லித்துவேனிய மொழியில் மணமான, மணமாகாத பெண்களைப் பிரித்துக் காட்டும் விகுதிகள் இன்றும் புழக்கத்தில் உள்ளன. அந்த அளவில், ஒரு பெண்ணின் பெயரைப் பார்த்து அவருக்குத் திருமணம் ஆகிவிட்டதா என்று செக் மொழியில் கண்டுபிடிக்க முடியாது. இது சிறிய விஷயமல்ல.

ரஷ்யப் பெயர்களோடு இதைக் குழப்பிக்கொள்வது எளிது. ரஷ்யாவில் ஆண் ஷரபோவ், பெண் ஷரபோவா. அங்கே 'ஒவ்' ஆணின் பெயரிலேயே இருக்கிறது. பெண்ணுக்குக் கூடுவது கடைசி உயிரெழுத்து மட்டுமே. செக்கில் ஆண் வெறும் நவ்ராத்தில். விகுதி முழுவதும் பெண்ணின் பெயரில்தான் ஏறுகிறது.

எல்லாச் செக் பெண்களுக்கும் 'ஒவா' வருவதில்லை. ஆணின் பெயர் பெயரடையாக இருந்தால் அதன் பெண்பால் வடிவமே போதும். 1998இல் விம்பிள்டன் வென்ற யானா நொவொத்னாவின் தந்தை நொவொத்னீ; இதுவும் 'புதிதாக வந்தவன்'தான். கருப்பு என்று பொருள்படும் செர்னீ, செர்னா ஆகும். 1964, 1968 ஒலிம்பிக் போட்டிகளில் 7 தங்கம் வென்ற ஜிம்னாஸ்டிக் வீராங்கனை வியெரா சாஸ்லவ்ஸ்காவின் பெயர் சாஸ்லவ் என்ற ஊரிலிருந்து வந்தது. தையற்காரர் என்று பொருள்படும் க்ரெய்ச்சீ ஆணுக்கும் பெண்ணுக்கும் மாறாது. இசையமைப்பாளர் பொஹுஸ்லவ் மர்த்தினூவின் பெயர் 'மார்ட்டின் வீட்டாருடைய' என்று பொருள்படும் வேற்றுமை வடிவம்; அந்த வகைப் பெயர்களும் இருபாலுக்கும் ஒன்றே.

விகுதி சேரும்போது பெயரின் உடலும் கொஞ்சம் மாறும். ஸ்வொபொதா (விடுதலை, சுதந்திரக் குடியானவன்) கடைசி உயிரை இழந்து ஸ்வொபொதொவா ஆகும். ஹாயெக் நடு உயிரை இழந்து ஹாய்கொவா ஆகும். செக் உரைநடையின் தாயாகப் போற்றப்படும் பொஜெனா நியெம்ட்ஸொவா, 1837இல் யோசெஃப் நியெமெட்ஸ் என்பவரை மணந்து அந்தப் பெயரைப் பெற்றார். நியெமெட்ஸ் என்றால் ஜெர்மானியன். 'ஊமை' என்ற வேரிலிருந்து, 'நம் மொழி பேசத் தெரியாதவன்' என்ற பொருளில் வந்த சொல். ஜெர்மன் மொழியின் ஆதிக்கத்திலிருந்து செக் இலக்கியத்தை மீட்ட தலைமுறையில் முதல்வரிசையில் நின்ற பெண்ணின் பெயர், சொல்லுக்குச் சொல் எடுத்தால், 'ஜெர்மானியன் வீட்டுப் பெண்'. 500 கொருனா நோட்டில் இன்று இருப்பது அவர் முகம்தான்.

இந்தப் பெயர்கள் நெடுங்காலம் நிலையாக இருக்கவில்லை. கிராமத்தில் மனிதனைவிடப் பண்ணைக்குத்தான் பெயர் உறுதி. ஒருவன் மணம் செய்து மாமனார் பண்ணைக்குக் குடிவந்தால், அந்தப் பண்ணையின் பெயரே அவனுக்கும் ஏறும். பிறந்த பெயர் மறையும். பெண்ணின் வீட்டுப் பெயரை ஆண் எடுத்துக்கொள்வது சாதாரணமாக நடந்த ஒரு காலம் அது. 1780களில் இரண்டாம் யோசேப்பின் ஆட்சிதான், வரிக்கும் ராணுவ ஆள்சேர்ப்புக்கும் கணக்கு வேண்டி, பரம்பரையாக மாறாத குடும்பப் பெயரைக் கட்டாயமாக்கியது. 1787இல் யூதர்களுக்குத் தனி ஆணை வந்து ஜெர்மன் பெயர்களைச் சுமத்தியது. தேவாலயப் பதிவேடுகள் பல லத்தீனிலும் ஜெர்மனிலும் எழுதப்பட்டதால், அவற்றில் பெண்கள் பெயர் விகுதியின்றி ஆண் வடிவிலேயே இருப்பதைக் காணலாம். ஊரில் நவ்ராத்திலொவா என்று கூப்பிடப்பட்டவள், ஏட்டில் 'அன்னா நவ்ராத்தில்' என்று கிடப்பாள். 'ஒவா' இல்லாத செக் பெண் என்பது இன்றைய மேற்கத்திய நாகரிகம் கொண்டுவந்தது என்று சிலர் சொல்வதை இந்த ஏடுகளே மறுக்கின்றன. இன்னொரு பக்கம், மக்கள் வாயில் 'ஒவா' எவ்வளவு ஆழமாக வேரூன்றியது என்பதற்கும் இவையே சாட்சி: அதிகாரியின் மொழி அதைப் பதியாதபோதும் அது சாகவில்லை.

எல்லை தாண்டினால் என்ன ஆகும்? பெரும்பாலும் விகுதி உதிரும். அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்த மேடலின் ஆல்பிரைட் 1937இல் ப்ராக் நகரில் மரியெ யானா கொர்பெலொவாவாகப் பிறந்தவர். அமெரிக்காவில் வளரும்போது தந்தையைப் போலவே வெறும் கொர்பெல் ஆனார். தந்தைக்கும் மகளுக்கும் வெவ்வேறு குடும்பப் பெயரா என்று குழம்பும் குடிவரவு அலுவலகங்களுக்கு முன்னால் இதுதான் சுலபமான வழி. மார்ட்டினா அதைச் செய்யவில்லை. 1975இல், 18 வயதில், அமெரிக்க ஓப்பன் போட்டியின்போது அங்கேயே அடைக்கலம் கோரினார். 1981இல் அமெரிக்கக் குடிமகளானார். நீட்டல் குறிகள் மட்டும் போயின, விகுதி நின்றது. தாய்நாட்டிலோ, கம்யூனிஸ்ட் அரசின் ஊடகங்கள் அவர் பெயரையே ஒதுக்கின. 1986இல் ஃபெடரேஷன் கோப்பைக்காக அமெரிக்க அணியோடு அவர் ப்ராக் வந்தபோது, அரங்கம் எழுந்து ஆரவாரித்தது. 'திரும்பினான்' என்ற பெயரோடு நாடு திரும்பிய அந்தப் பெண்ணைப் பற்றி எழுதியவர்கள் பலர் இந்தப் பொருத்தத்தைத் தொடாமல் விட்டதில்லை. 2008இல் செக் குடியுரிமையும் அவருக்குத் திரும்பக் கிடைத்தது.

உள்ளே வரும் வெளிநாட்டுப் பெண்களுக்குத் தலைகீழாக நடக்கிறது: விகுதி ஏற்றப்படுகிறது. மார்கரெட் தாட்சர் செக் செய்தியில் தாட்செரொவா. இந்திரா காந்தி அங்கே இந்திரா காந்தீஒவா. தமிழ் வேர் கொண்ட கமலா ஹாரிஸ், கமலா ஹாரிஸொவா. சம்பந்தப்பட்டவரின் சம்மதமின்றி அவர் பெயரை நீட்டுவது மரியாதைக் குறைவு என்று எனக்குப் படுகிறது. ஆனால் செக் செய்தியாசிரியரின் இக்கட்டு உண்மையானது, அதை அவமதிப்பு என்று மட்டும் பார்ப்பது நியாயமாகாது.

அந்த இக்கட்டு வேற்றுமை உருபில் இருக்கிறது. செக் மொழிக்கு 7 வேற்றுமைகள். சொற்களை முன்பின்னாகப் போட்டாலும் யார் யாரை என்பது விகுதியில் தெரிந்துவிடும். 'நொவாக்கொவொவ் பொரஸில ஸ்வொபொதொவா' என்றால், நொவாக்கொவாவை ஸ்வொபொதொவா தோற்கடித்தார். தோற்றவர் பெயர் முதலில் வந்தாலும் சந்தேகம் இல்லை. இரண்டு பெண்களும் விகுதியைக் கைவிட்டு நொவாக், ஸ்வொபொதா என்று நின்றால், பெண்ணைக் குறிக்கும் ஆண் வடிவப் பெயர் வேற்றுமை ஏற்காது. 'ஐ' உருபு இல்லாமல் 'கமலா விமலா வென்றார்' என்று எழுதியதைப் போல வாக்கியம் திகைத்து நிற்கும். விகுதியை ஆதரிப்பவர்களின் வலுவான வாதம் இதுதான். மரபு, தேசியப் பெருமை என்ற மற்ற வாதங்களைவிட இது எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

பெண்பால் விகுதியைக் கைவிடச் சட்டம் நெடுநாள் நிபந்தனைகள் வைத்திருந்தது. வெளிநாட்டவரை மணந்தவர், வெளிநாட்டில் வாழ்பவர் அல்லது வாழப்போகிறவர், செக் அல்லாத இனத்தைச் சேர்ந்தவர் ஆகியோர் மட்டும் ஆண் வடிவைப் பதிவு செய்யலாம். அதனால் பல பெண்கள், வெளிநாட்டில் குடியேறப்போவதாகப் பதிவு அலுவலகத்தில் எழுதிக்கொடுத்துத் தாங்கள் விரும்பிய பெயரைப் பெற வேண்டியிருந்தது. தன் பெயருக்காகப் பொய் சொல்லும் நிலைக்கு ஒரு குடிமகளைத் தள்ளிய சட்டம் மாறத்தான் வேண்டியிருந்தது. 2021இல் திருத்தம் நிறைவேறி, 2022 ஜனவரி 1 முதல் எந்தப் பெண்ணும் காரணம் சொல்லாமல் ஆண் வடிவைத் தேர்ந்தெடுக்கலாம். பிறந்த மகளுக்கும் பெற்றோர் அப்படிப் பதியலாம். ஆனாலும் பெரும்பாலான பெண்கள் 'ஒவா'வோடுதான் இருக்கிறார்கள்.

புதிய சட்டம் தருவது இரண்டு வடிவங்களை: நவ்ராத்திலொவா அல்லது நவ்ராத்தில். முதலாவதில் ஓர் ஆணின் வீட்டைச் சேர்ந்தவள் என்ற பழைய உறவு இருக்கிறது. இரண்டாவதில் பெண் நேராகவே 'திரும்பினான்' ஆகிறாள். 'திரும்பினாள்' என்ற மூன்றாவது வடிவம் மொழியின் இலக்கணத்தில் தயாராக இருந்தும் குடும்பப் பெயராக அதற்கு இடமில்லை. விகுதியை விடுவதை முழு விடுதலையாகக் காட்டுபவர்களும், வைத்திருப்பதைச் சமத்துவமாகக் காட்டுபவர்களும் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். விகுதி எதுவானாலும் உள்ளே இருக்கும் வினை ஆணுடையதாகவே இருக்கிறது.

நடைமுறையில் மாற்றம் வேறொரு இடத்தில் தெரிகிறது. விகுதியைக் கைவிட்ட பெண்ணின் குடும்பப் பெயர் வேற்றுமை ஏற்காது. 'திருமதி' என்பதற்குச் செக்கில் வழங்கும் 'பனீ'யும் ஒருமையில் உருபு ஏற்காத சொல். எனவே 'பனீ நவ்ராத்தில்' என்றால் அவர் செய்தாரா, அவருக்குச் செய்தார்களா என்பது வினையையும் சூழலையும் பார்த்தால்தான் புரியும். மிஞ்சுவது சொந்தப் பெயர் ஒன்றுதான்: மார்ட்டின என்பது 'மார்ட்டினு நவ்ராத்தில்' என்று திரிந்து இரண்டாம் வேற்றுமையைக் காட்டிவிடும். செக் செய்தி எழுதுபவர்கள் இத்தகைய பெண்களைக் குறிப்பிடும்போது சொந்தப் பெயரையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது.